பலாமரத்தடிப் பார்க்கு

எங்கள் அப்பா ஒரு பார்க்கு கட்டப்போவதாக அறிவித்தார்.

அறிவித்த இடம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், கடைசிக் காம்பிராவின் வாசல். கேட்டவர்கள் அம்மா, நான், ஒரு சேவல். சேவல் மட்டும்தான் உடனே பதில் சொன்னது.

அப்பாவின் பேச்சை அப்படியே தருகிறேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து தொண்டையை இரண்டு தரம் கனைத்து, முண்டாசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மூக்கால் படிக்கவும். அப்போதுதான் அழகுமுத்துக் கங்காணி உங்கள் முன்னால் வந்து நிற்பார்.

"இந்தா பாரு காளியாயி. இந்தப் பலாமரத்தடி சும்மா மொட்டையாக் கெடக்கு. கோழி கெளறுது. நாயி படுக்குது. இனிமே அதெல்லாம் நடக்காது. நுவரெலியாவுல தொரைமாருங்க பார்க்குனு ஒண்ணு வச்சிருக்காங்க, போன மாசம் என் கண்ணால பாத்தேன். மரத்துக்குக் கீழ பச்சைப் பசேல்னு புல்லு. சுத்தி வர பூவு. நடுவுல பெஞ்சி. மனுசன் ஒக்காந்தா எந்திரிக்க மனசு வராது."

"மனுசன் எந்திரிக்காட்டி காலையில பெரட்டுல நின்னு ஆளுங்களுக்கு வேலை பிரிக்கிறது யாரு?" என்றாள் அம்மா.

"கேலி பண்ணாத. தீவாளிக்கு முந்தி தொரை லயம் பாக்க வருவாரு. வந்தவரு நம்ம பார்க்குல ஒக்காரணும். இது யாரு கட்டுனதுனு கேக்கணும்."

இந்த இடத்தில் ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்த மாடு என்னுடையது. நான் பெரியமனுசியானபோது, அம்மாவின் தம்பி பொன்னையா மாமா, தாய்மாமன் சீராக ஒரு கிடாரிக் கன்றைக் கொண்டுவந்தார். தன் ஊரான றொசல்லையிலிருந்து மேளம் கொட்டி, கன்றின் கழுத்தில் மாலை போட்டு, ஊர்வலமாக ஓட்டி வந்தார். லயத்துச் சனம் மொத்தமும் கன்றைப் பார்த்தது. புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற அப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பகை. சடங்கு முடிந்ததும் கன்று மாலையோடு றொசல்லைக்கே திரும்பிப் போனது. இப்போது அது வளர்ந்து, சினையாகி, மாமா வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. எங்கள் வீட்டில் கொட்டில் இல்லை.

ஏன் இல்லை? கேட்டால் அப்பா ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்.

"தோட்டத்துச் சட்டம் தெரியுமா ஒனக்கு? மாடு கட்டணும்னா கல்லுத் தளம் போடணும். தளம் சரிவா இருக்கணும். கான் வெட்டி மூத்திரம் ஓட வழி செய்யணும். தண்ணித் தொட்டி கட்டணும். மேல கூரை போடணும். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் தொரை மாட்டையும் வெரட்டுவாரு, என்னையும் வெரட்டுவாரு. ஒன் தம்பி மாட்டுக்காக நான் ஒரு கல்லைக்கூடத் தூக்க மாட்டேன்."

போன கிழமை மாமா ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஆள் அம்மாவிடம் ஒப்பித்ததை மாமா குரலிலேயே தருகிறேன். கொஞ்சம் அழுதுகொண்டே படிக்கவும்.

"அக்கா, மாடு இந்த மாசமோ அடுத்த மாசமோனு நிக்கிது. என் மாமியா அது மேல கண்ணு வச்சிட்டா. தீவாளிக்குள்ள நீ ஓட்டிக்கிட்டுப் போகாட்டி, அவ கண்ணுக்குட்டியோட ஓட்டிக்கிட்டுப் போயிருவா. என்னால அவளைத் தடுக்க முடியாது. நான் கல்யாணம் பண்ணவன்க்கா."

அதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தாய்மாமன் சீர் இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் சும்மாவா? அதுவும் மாமியார் வீட்டுக்கு.

ஆகவே, அப்பா பார்க்கு என்றதும் அம்மா சண்டைக்கு வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடினாள். எங்கள் வீட்டில் இது மலை சரிவதற்குச் சமம். பலாமரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி மரத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு நடந்தாள்.

"பூரணி. தளம், சரிவு, கான், தொட்டி, கூரை. மனசுல வச்சுக்க."

"எதுக்கும்மா?"

"ஒங்க அப்பா பார்க்கு கட்டட்டும். நாம பாத்துக்கிட்டு இருப்போம்."

"அப்பாதான் ஒரு கல்லைக்கூடத் தூக்க மாட்டேன்னாரே?"

"மாட்டுக்குத் தூக்க மாட்டேன்னாரு. தொரைக்குத் தூக்குவாரு."

அம்மாவின் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. அம்மா எதை வேண்டாம் என்கிறாளோ அதை அப்பா செய்து முடிப்பார். இரண்டாவது ஆயுதம் நான்.

சனிக்கிழமைகளில் நான் தொரை பங்களாத் தோட்டத்தில் புல் பிடுங்கப் போவேன். தொரைசாணி குடையும் கையுமாக வந்து நின்று உத்தரவு போடுவார். அந்தக் குரல் எனக்கு அத்துப்படி. அப்பாவிடம் ஒரு விசேஷம் உண்டு: ஒரு பேச்சை யார் சொன்னது என்று பார்க்கமாட்டார், எந்தக் குரலில் வந்தது என்றுதான் பார்ப்பார். நான் தொரைசாணி குரலை எடுத்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றுவிடுவார். பேசுவது நான்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் முட்டிக்குத் தெரியாது.

முதலில் அப்பா தன் யோசனைப்படியே போனார். பந்தடிக்கிற மைதானத்து ஓரத்திலிருந்து புல்லைப் பாய் பாயாக வெட்டி வந்து மரத்தடியில் விரித்தார். இரண்டு நாள் மரத்தடி நுவரெலியா மாதிரி இருந்தது. பிறகு புல் மஞ்சளாச்சு. மஞ்சள் பழுப்பாச்சு. சுற்றி வைத்த செவ்வந்தி வெயிலைத் தேடி ஒரே பக்கமாகச் சாய்ந்து, வெயில் கிடைக்காமல் அப்படியே படுத்துவிட்டது. மேலிருந்து பலா இலை கொட்டி எல்லாவற்றையும் மூடியது. கோழிகள் திரும்பி வந்தன.

அப்பா மரத்தடியில் குந்திக்கொண்டு தலையில் கை வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அம்மா. "இம்புட்டு நெழல்ல புல்லு எங்க வரும்? சரி, விடுங்க. ஆனா ஒண்ணு. கோவத்துல கல்லு கில்லு பரப்பிராதீங்க. பாக்கவே சகிக்காது."

அப்பாவின் தலை மெதுவாக நிமிர்ந்தது. "கல்லா?"

நான் உடனே குடையை விரிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டேன். "நேத்து பங்களாவுல தொரைசாணி தோட்டக்காரன்கிட்ட சொன்னாங்கப்பா. 'மரம் கீள புல்லு இல்லே மேன். ஸ்டோன் போடு. பிளாட் ஸ்டோன். வெரி நைஸ்.'"

அப்பா எழுந்து நின்றார். "அப்படியா சொன்னாங்க?"

"அவங்களுக்கென்ன, பங்களா" என்றாள் அம்மா. "நமக்கு எதுக்கு அந்த வேலையெல்லாம்."

அன்று பின்னேரமே அப்பா ஓடைக்கு இறங்கினார்.

ஒரு கல்லைக்கூடத் தூக்க மாட்டேன் என்றவர் எத்தனை தூக்கினார் என்று நான் எண்ணவில்லை. சிரிப்பை அடக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. மலையில் வேலை முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றுவார், அலவாங்குக் கடப்பாரையை எடுப்பார், தட்டைக் கல்லாகப் பார்த்துப் புரட்டுவார், தோளில் சாக்கைப் போட்டு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவார். அம்மா வாசலில் நின்று, "ஐயோ, இடுப்புப் புடிச்சிக்கும், போதுங்க" என்பாள். போதும் என்றால் இன்னொரு நடை போவார்.

சரிவுக்கும் கானுக்கும் நாங்கள் ஒரு வார்த்தை செலவழிக்கவில்லை. தேயிலை மலையிலேயே பிறந்து வளர்ந்த கங்காணியால் கான் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மழைத்தண்ணி தேங்குமே என்று தானே பதறி, தளத்தைப் பின்பக்கம் சரித்து, ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் அழகாகக் கான் வெட்டினார். அது அம்மாவின் கீரைப் பாத்தியில் போய் முடிந்தது.

"ஏங்க, தண்ணி என் பாத்திக்குள்ள வருதே" என்றாள் அம்மா.

"வரட்டும். தண்ணிதானே."

"ஆமா. தண்ணிதானே" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் அவள் தோள் குலுங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது.

தொட்டிக்கு மறுபடியும் நான் குடை பிடித்தேன். "'பேர்ட்ஸ் வரணும். குருவி வந்து குளிக்கணும். தொட்டி இல்லே, கார்டன் இல்லே.'"

அப்பா சீமெந்து குழைத்துத் தொட்டி கட்டினார். முதலில் சட்டி அளவுக்குத்தான் கட்டினார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது போதும்ங்க. மேல் லயத்து இராமையா கங்காணி வீட்டுலயும் இம்மாம் சைசுல ஒண்ணு இருக்கு. அதுல நாய்க்குக் கஞ்சி ஊத்துறாங்க."

அப்பா அதை இடித்துவிட்டு, நான் படுத்துக் குளிக்கிற அளவுக்கு ஒன்று கட்டினார்.

"குருவிக்கா இது?" என்றேன்.

"குருவி ஒண்ணு ரெண்டா வரும்? கூட்டமா வரும்" என்றார்.

கூரைக்குத்தான் வழி தெரியவில்லை. மரத்தடி நிழலில் எந்த மனிதன் கூரை போடுவான்? என் குரலும் உதவாது, நுவரெலியாப் பார்க்கில் கூரை இல்லை என்று அப்பாவே கண்ணால் பார்த்தவர். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பலாமரமே கை கொடுத்தது. அப்பா புதுத் தளத்தின் நடுவே நின்று, தொரை எந்த இடத்தில் நிற்பார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக் கிலோ பலாப்பழம் ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் 'தொம்' என்று விழுந்து பிளந்தது.

அப்பா திரும்பிப் பழத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். அந்த இடத்தில் தொரையை நிறுத்திப் பார்த்தார். வியர்த்துவிட்டது.

"அதுக்கென்ன பண்ண முடியும்?" என்றாள் அம்மா, சுளையைப் பொறுக்கிக்கொண்டே. "தொரைதான் தொப்பி போட்டிருப்பாரே."

மறுநாள் தேயிலை ஸ்டோரிலிருந்து கழித்துப் போட்ட தகரம் வந்தது. நாலு கால், குறுக்குச் சட்டம், மேலே தகரம், தகரத்தின் மேல் பழம் விழுந்தால் உருண்டு போகிற மாதிரி ஒரு சாய்வு. கடைசியாக, தொரையின் நாயைக் கட்டுவதற்கென்று நடுவில் ஒரு கட்டையும் ஊன்றினார். அது அப்பாவின் சொந்த யோசனை. கட்டை என் இடுப்புப் பருமன்.

"நாய்க்கு இதுவா?" என்றேன்.

"தொரை வீட்டு நாயி. லயத்து நாயினு நெனச்சியா?"

நிழலில் வளர்கிற செடி ஏதாவது வேண்டுமே என்று ஓடைக்கரையிலிருந்து பெரணிச் செடிகளைக் கொண்டுவந்து ஒரு நீளப் பெட்டியில் வைத்தார். அவை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டன. பெட்டி சரியாக ஒரு மாட்டின் மூக்கு உயரத்தில் இருந்தது. இதைப் பார்த்து அம்மா சாமிக்கு ஒரு கற்பூரம் கூடுதலாகக் கொளுத்தினாள். நாங்கள் கேட்கவே இல்லை, அவராகவே வைத்தது.

இதற்குள் மாடு வரப்போகிற செய்தி லயம் முழுக்கப் பரவியிருந்தது. தெரியாத ஒரே ஆள் அப்பா. ஒருநாள் பக்கத்துக் காம்பிரா செல்லசாமி மாமா பீடியோடு வந்து நின்றார். இவர் குரலுக்கு வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்ளவும்.

"அண்ணே, வேலை பிரமாதம். எப்ப வருது?"

"வருதா? மரியாதையாப் பேசு. வர்றாருனு சொல்லு. சனிக்கெழமை."

செல்லசாமி மாமா பீடியை வாயிலிருந்து எடுத்தார். "வர்றாரா? அப்ப காளையா அண்ணே?"

"ஆளு அப்படித்தான் இருப்பாரு. நல்ல வாட்டசாட்டம்."

"கண்ணு போட்டாச்சா?"

"கண்ணாடிதான் போட்டிருக்காரு."

"கண்ணாடியா?" செல்லசாமி மாமா ஓர் அடி பின்னால் போனார். "பாலு?"

"பாலு ஊத்துனா குடிக்க மாட்டாரு. வெறுந்தேத்தண்ணிதான்."

அம்மா அடுப்படியிலிருந்து பறந்து வந்தாள். "செல்லசாமி அண்ணே, ஒங்க வீட்டுல அழகம்மா கூப்புடுது."

"அழகம்மா மலைக்குப் போயிருக்கே, தங்கச்சி."

"அங்கருந்துதான் கூப்புடுது. ஓடுங்க."

சனிக்கிழமை வந்தது. அப்பா கோட்டுப் போட்டு, முண்டாசு கட்டி, மீசைக்கு எண்ணெய் தடவி, காலையிலிருந்து பார்க்கு ஓரத்தில் நின்றார். ஒரு மூலையில் போட்டிருந்த பெஞ்சுக்கு மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அம்மா முதல் நாளே றொசல்லைக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அதை அப்பாவிடம் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

தொரை வந்தார். அரைக் காற்சட்டை, நீளக் கம்பு, பின்னால் நாய். பக்கத்து லயங்களில் வெள்ளையடித்ததைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே வந்தவர், எங்கள் பலாமரத்தடியைக் கண்டதும் நின்றார்.

அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தொரை கம்பால் கல்லுத் தளத்தைத் தட்டினார். சரிவைக் குனிந்து பார்த்தார். கானோடு நடந்து, அது கீரைப் பாத்தியில் சேர்வதைப் பார்த்து, "ஆ" என்றார். தகரத்தைத் தட்டினார். கட்டையைப் பிடித்து ஆட்டினார். அது ஆடவில்லை. நாய் குருவித் தொட்டியில் முன்னங்காலைப் போட்டுத் தண்ணீர் குடித்தது.

"கங்காணி. இது நீ கட்டினான்?"

"ஆமாங்க தொரை."

"வேற ஆள் சொல்லிக் கொடுத்தான்?"

"இல்லீங்க தொரை. எல்லாம் என் சொந்த யோசனைங்க."

"வெரி குட். ரொம்ப வருசம் நான் சொன்னான், எல்லா லயத்திலயும் சொன்னான். ஒருத்தன் கேக்கல்லே. நீ கேட்டான்." தொரை அப்பாவின் தோளில் தட்டினார். என் பிறப்பில் முதல் தடவையாகத் தொரையின் கை ஒரு கங்காணியின் தோளில் விழுந்ததைப் பார்த்தேன். அப்பா இரண்டு அங்குலம் வளர்ந்தார்.

"மாடு எங்கே?" என்றார் தொரை.

அப்பா சட்டென்று திரும்பி என் வாயைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. குரல் அசல்.

பிறகு தளத்தைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். கானை, தொட்டியை, கூரையை, கட்டையை, மூக்கு உயரப் பெட்டியை. ஒவ்வொன்றாக அவர் முகத்தில் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியாக அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, புதுப் பெண் மாதிரி தரையைப் பார்த்தாள்.

"தொரை... இது வந்துங்க... பா..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"பா?" என்றார் தொரை.

தொரை ஒன்றைச் சொன்ன பிறகு இல்லை என்று சொல்லி அப்பாவுக்குப் பழக்கமே கிடையாது.

"பா... பால் மாடுங்க தொரை."

"றொசல்லையில இருந்து வந்துக்கிட்டு இருக்குங்க தொரை" என்றாள் அம்மா, தரையிடம். "சினை மாடு, மெதுவா நடக்குது."

"குட். மாடு கட்டிக்கலாம். நான் சொன்னான்" என்று தொரை கம்பைத் தூக்கினார். அனுமதி கிடைத்துவிட்டது. வெள்ளைத் துணி விரித்த பெஞ்சில் அவர் உட்காரவே இல்லை.

அவர் அடுத்த லயத்துக்குத் திரும்புவதற்குள் மேட்டுப் பாதையில் மணிச்சத்தம் கேட்டது. பொன்னையா மாமா முன்னால், மாடு பின்னால். லயத்துச் சனம் இரண்டு பக்கமும் நின்றது. மாடு யாரையும் விசாரிக்கவில்லை. நேரே போய்க் கல்லுத் தளத்தில் ஏறியது, குருவித் தொட்டியில் பாதியைக் குடித்தது, பெரணிச் செடி முழுவதையும் தின்றது, படுத்தது.

அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு மாமாவை நோக்கி இரண்டு அடி வைத்தார். அதற்குள் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக அப்பா காலில் விழுந்துவிட்டார்.

"மச்சான், ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன். என் மாட்டுக்கா இத்தன கல்லு சொமந்தீங்க. எங்க வீட்டுக் கொட்டிலு இதுல கால்வாசி இல்ல மச்சான்."

காலில் விழுந்தவனை எந்த மனிதன் திட்டுவான்? சுற்றி நின்ற சனம் வேறு, "கங்காணி மனசு தங்கம்" என்றது. இந்தத் தடவை எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அப்பா முண்டாசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எந்திரி மாப்பிள" என்றார். "கொட்டிலுனா இப்படித்தான் கட்டணும். சும்மா ஏனோதானோனு கட்டுனா அது கொட்டிலா?"

நான் சிரிப்பு தாங்காமல் மரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

சனமெல்லாம் கலைந்து, மாமாவும் சாப்பிட்டு றொசல்லைக்குக் கிளம்பின பிறகு, அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அம்மா தேத்தண்ணியோடு வந்தாள்.

"காளியாயி."

"சொல்லுங்க."

"கல்லு பரப்பாதீங்கன்ன. பரப்புனேன். சின்னத் தொட்டி போதும்ன. பெருசாக் கட்டுனேன். கூரைக்கு என்ன பண்ண முடியும்ன. போட்டேன்."

"ஆமாங்க. நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க?"

அப்பா தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு எழுந்து நின்றார். தொண்டையை இரண்டு தரம் கனைத்தார்.

"இந்தா பாரு. ஒன் சூச்சுமம் எனக்குப் புரிஞ்சு போச்சு. நீ வேணாம்னா நான் செய்வேன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆட்டி வைக்கிற. இனிமே அது பலிக்காது. இன்னையிலருந்து நீ என்ன சொல்றியோ அத அப்படியே நேரா எடுத்துக்குவேன். செய்யினா செய்வேன். செய்யாதன்னா செய்ய மாட்டேன். என்னைய இனி ஒன்னால ஏமாத்த முடியாது."

அம்மா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"தோத்துட்டேங்க" என்றாள். "மாடு சாணி போட்டிருக்கு. அள்ளுங்க."